எட்டு என்று சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

காலையில் சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலிகளாகப் பார்த்துப் பன்னிரண்டைச் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்கு நான் வந்து பதினான்கு மாதமாகிறது. இங்கே எதையும் சொல்லிவிட்டுச் செய்கிற வழக்கமில்லை.

பத்து மணிக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் சண்முகவடிவு. பிசியோதெரபிஸ்ட், இனி திங்கள்தோறும் வருவார் என்று மானேஜர் தங்கப்பழம் சொன்னார். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்கார வேண்டுமாம். அரை நிமிஷத்தில் எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணி, நீல அட்டை போட்ட நோட்டில் அந்த அம்மா குறித்துக்கொண்டார்.

எனக்குப் பதினொன்று. எழுபத்தேழு வயதுக்கு மோசமில்லை. என் அறைத் தோழர் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு நான்கு. அவருக்கு வயது எண்பத்தொன்று. அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருந்தவர்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு அளவுக்குத்தான் சார்."

முப்பத்து நான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். 'சும்மா' என்று பேச்சை ஆரம்பித்த எந்த ஆளிடமும் டிக்கெட் இருந்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அந்த நீல நோட்டு மானேஜர் அறை மேசையில் விரித்துக் கிடந்தது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார்.

காபியில் பால் குறைவு.

ஜூன் 16, திங்கள்

இன்று பயிற்சி. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பிறகு ஒரு காலில் நிற்க வேண்டும். ஆவுடையப்பன் சிறு பிள்ளை போலச் சந்தோஷமாகச் செய்தார். "ரத்தம் ஓடுத மாதிரி இருக்குவே," என்றார். எனக்கு அப்படி ஒன்றும் ஓடவில்லை.

பயிற்சிக்கு நடுவே அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேள்வி கேட்டார். எழும்போது தலை சுற்றுகிறதா? போன ஒரு வருஷத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா? எல்லோரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன். மார்ச் மாதம் வராந்தாவில் நடந்ததை விழுந்தது என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தேன், எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அதையெல்லாம் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். செல்லத்துரை வாத்தியார் சித்திரை மாதம் ஒரு தடவை வழுக்கினார். மறுநாளே அவரைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். பின்கட்டு என்பது கட்டிலோடு கிடப்பவர்களுக்கான பகுதி. நடந்துதான் போனார். இப்போது படுத்திருக்கிறார். அங்கே போனவர்கள் யாரும் முன்கட்டுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 23, திங்கள்

நான் நினைத்தது சரிதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து குளியலுக்குப் புது ஏற்பாடு. வருகிற முப்பதாம் தேதி மறுபடி அளவு எடுப்பார்களாம். எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களின் அறைக் கதவில் பச்சைப் பொட்டு. அவர்கள் தனியாகக் குளிக்கலாம். எட்டுக்குக் கீழே என்றால் சிவப்புப் பொட்டு, ஆயா குளிப்பாட்டுவார். கீழே தங்கப்பழத்தின் கையெழுத்து.

ஆவுடையப்பனுக்கு எழுத்து சரியாகத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டி கூட எனக்குத் தண்ணி ஊத்துனது கிடையாதுவே," என்றார் பிறகு. "எந்திரிக்க முடியாமக் காய்ச்சல்ல கிடந்தப்போ கூட, கொடத்தப் பக்கத்துல வச்சிட்டுப் போயிருன்னுதான் சொல்லுவேன். இப்போ அந்த ஆயா பேச்சியம்மா வந்து துணியை உருவுவாளோ?"

"ஒரு வாரம் இருக்கு அண்ணாச்சி. பழகுவோம்," என்றேன்.

ஜூன் 26, வியாழன்

பழகிக்கொண்டிருக்கிறோம். அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் எழுவதும் உட்காருவதும், நான் கடிகாரம் பார்ப்பதும். கையை ஊன்றாமல் மூன்று, ஊன்றினால் ஆறு. கையை ஊன்றக் கூடாது என்றேன். "அப்போ எந்திரிக்க முடியாதே," என்றார்.

அந்த அம்மாவின் மேல் எனக்கு இருந்த சந்தேகம் இப்போது உறுதியாகிவிட்டது. சிரித்த முகத்தோடு வந்து ஆட்களைத் தரம் பிரிக்கிற வேலை இது.

ஜூன் 30, திங்கள்

அளவு எடுத்தார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால் சீக்கிரம் முடியும் என்று அந்த அம்மா நினைத்தார். என் முறை முதலிலேயே முடிந்துவிட்டது (பன்னிரண்டு).

"சார், நீங்க ரயில்வேயில இருந்தவங்கன்னு சொன்னாங்க. இந்தப் பக்கம் நீங்க எண்ணுதியளா? அந்தப் பக்கம் நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

சரி என்றேன். ஆவுடையப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் லூர்தம்மாளுக்குக் கால் நடுங்கியதால் அந்த அம்மாவின் கவனமெல்லாம் அங்கேயே இருந்தது.

ஆவுடையப்பனுக்கு எட்டு என்று சொன்னேன்.

"எட்டா சார்?"

"எட்டு."

"மூணு வாரத்துல நாலுலருந்து எட்டா?" ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆலையில மூட்டை தூக்கின உடம்பும்மா," என்றேன்.

எட்டு என்று எழுதிக்கொண்டார்.

வெயில் அதிகம். மதியம் புளிக்குழம்பு.

ஜூலை 1, செவ்வாய்

எங்கள் கதவில் பச்சைப் பொட்டு. ஆவுடையப்பன் அதை விரலால் தடவிப் பார்த்தார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் வராந்தா வரை கேட்டது. உள்ளே முணுமுணுவென்று தேவாரமோ என்னவோ பாடினார். இருபது நிமிஷம் ஆயிற்று.

ஜூலை 4, வெள்ளி

இப்போதெல்லாம் செய்தித்தாளைக் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு வாசிக்கிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

"என்ன சார், பாத்ரூம் வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கிய?" என்று ஆயா பேச்சியம்மாள் கேட்டார்.

"ஏன், படிக்கக் கூடாதா?"

"படிங்க, படிங்க. ஆனா அண்ணாச்சி குளிக்க நேரத்துல மட்டும் படிக்கியளே, அதான் கேட்டேன்."

இந்தப் பெண் மானேஜருக்குத் தகவல் சொல்கிறவள் என்று எனக்கு நெடுநாளாகவே தோன்றுகிறது.

ஜூலை 7, திங்கள்

பயிற்சிக்கு நடுவே அந்த அம்மா ஆவுடையப்பனைத் தனியாக எழுந்து நிற்கச் சொன்னார். அவர் தொடையில் கையை ஊன்றி, மூச்சு வாங்க எழுந்தார். முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"சார், அன்னைக்கு நிசமாவே எட்டா?"

"எண்ணச் சொன்னீங்க. எண்ணினேன்."

"நான் அந்த நோட்டு எழுதுதது பொட்டு ஒட்டுததுக்கு இல்ல சார். யாரு காலுக்கு எவ்வளவு பலம் ஏத்தணும்னு எனக்குத் தெரியணும்லா, அதுக்கு. மானேஜர் அதை எடுத்துப் பட்டியல் போட்டது எனக்கே பொறவுதான் தெரியும். வேண்டாம்னு சண்டை போட்டேன். கேக்கல."

நன்றாகப் பேசுகிறார். டிக்கெட் இல்லாதவர்களும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

ஜூலை 12, சனி

ஆவுடையப்பன் குளித்து வந்து விபூதி பூசிக்கொண்டு, "இன்னைக்கு முதுகு கூட நல்லாத் தேச்சேன்வே," என்றார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. கேட்டேன். சுவரில் உரசியது என்றார். சுவரில் உரசியதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

காலை எட்டேகாலுக்கு ஆவுடையப்பன் குளியலறையில் விழுந்தார். கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது.

பெங்களூரிலிருந்து என் மகள் போன் செய்திருந்தாள். குளியலறைப் பக்கம் சிக்னல் கிடைக்காது. அதனால் முன்வாசலுக்குப் போனேன். ஒன்பது நிமிஷம் பேசினேன். செய்தித்தாளை நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஜூலை 16, புதன்

இன்று மழை இல்லை.

ஜூலை 17, வியாழன்

தொடை எலும்பு இடுப்பை ஒட்டி முறிந்திருக்கிறதாம். இன்று அறுவை சிகிச்சை.

அவர் கட்டிலை உதறி வேறு விரிப்பு போட்டிருக்கிறார்கள். யாரையாவது கொண்டுவரப் போகிறார்களா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜூலை 18, வெள்ளி

மானேஜர் அறை ஜன்னல் திறந்திருந்தது. நான் வராந்தாவில்தான் நின்றேன், ஒட்டுக் கேட்கவில்லை.

"உங்க நோட்டுல எட்டுன்னு இருக்கு மேடம். அதை நம்பித்தான் நாங்க பச்சை கொடுத்தோம். அவரு மகன் வந்து சத்தம் போட்டா நான் என்ன சொல்ல?"

அந்த அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "எழுதுனது நான்தான். என் பொறுப்புதான்," என்றார். எண்ணிச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அதில் ஏதோ இருக்கிறது. சாயங்காலம் வரை யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் எங்கள் உத்தியோகத்தில் இல்லை.

ஜூலை 21, திங்கள்

நாற்காலிகள் போடவில்லை. பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது; அந்த அம்மா இனி வரமாட்டார். எல்லாக் கதவிலும் சிவப்புப் பொட்டு. துணை இல்லாமல் வராந்தாவில் நடக்கக் கூடாது. முப்பது பேரும் அவரவர் கட்டிலிலோ டிவி முன்னாலோ உட்கார்ந்திருக்கிறோம். லூர்தம்மாள் போன வாரம் மாடிப்படி இரண்டு ஏறினார். இன்று சக்கர நாற்காலியில் சாப்பிட வந்தார். "இதுதான் எல்லாருக்கும் நிம்மதி," என்றார் தங்கப்பழம். அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இன்று என்னைக் குளிப்பாட்டினார்கள்.

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, கதவைத் திறந்து போட்டு, பேச்சியம்மாளும் இன்னொரு பெண்ணும். அவசரமாகவும் இல்லை, முரட்டுத்தனமாகவும் இல்லை. பேச்சியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சோப்பு போட்டார். "கையைத் தூக்குங்க சார். இந்தக் கை." தூக்கினேன். வராந்தாவில் யாரோ போகும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

துவட்டும்போது பேச்சியம்மாள் சொன்னார்: "அன்னைக்கு நீங்க போன் பேசப் போனப்போ நான் அந்த நாற்காலியில வந்து உக்காந்தேன் சார். தெனமும் நீங்க காவலிருக்கது எனக்குத் தெரியும்லா. ஆனா உள்ள விழுந்த சத்தம் கேட்டு என்ன பிரயோசனம்? தாப்பா போட்டிருந்துச்சே."

அவள் தகவல் சொல்கிறவள் அல்ல.

மூன்று. அளவு எடுத்த அன்றைக்கு ஆவுடையப்பன் எழுந்தது மூன்று தடவை. நான்காவது பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் எட்டு என்று சொன்னேன்.

ஜூலை 23, புதன்

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்.

"சார், நீங்க அவர் மேல உள்ள பிரியத்துல பேசுதிய. முடிஞ்ச விஷயத்தைக் கிளறாண்டாம். அந்த மேடத்தை அனுப்பியாச்சு."

"நான் பொய் சொன்னேங்கேன். எழுதி வாங்கிக்கிடுங்க."

"போய் ரெஸ்ட் எடுங்க சார்."

அவருக்கு என் உண்மை தேவைப்படவில்லை. எல்லோரும் உட்கார்ந்தே இருப்பது அவருக்கு வசதி. இந்தச் சந்தேகமாவது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

இல்லத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் திருநெல்வேலி டவுனில் இருக்கிறார். ஓய்வுபெற்ற பெண் டாக்டர். அவருக்கு ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதினேன். அலுவலகத் தபாலில் சேர்த்தால் தங்கப்பழம் பிரிப்பார். பேச்சியம்மாளிடம் கொடுக்கலாம்; அவள் வேலைக்கு ஆபத்து. தபால் பெட்டி டீக்கடை பக்கத்தில் இருக்கிறது. இருநூறு அடி என்று நினைத்திருந்தேன்.

பால் வண்டிக்குக் கேட்டைத் திறந்தபோது வெளியே போனேன். காவல்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. இருநூறு அடி இல்லை, நானூறு இருக்கும். பாதி தூரத்தில் முழங்கால் தந்தி அடிக்க ஆரம்பித்தது. மார்ச்சில் வராந்தாவில் அப்படித்தான் அடித்தது, அப்புறம் விழுந்தேன். ஆமாம், விழுந்தேன். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடி குதிகாலை நான்கு தடவை தூக்கி இறக்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மறுபடி நடந்தேன்.

கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டில் தங்கப்பழம் நின்றார். இனி வெளியே போனால் மகளுக்குப் போன் செய்வேன் என்றார். செய்யுங்கள் என்றேன்.

ஜூலை 28, திங்கள்

பேச்சியம்மாளிடம் நம்பர் வாங்கி, அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். தெரிஞ்சும் எழுதுனேன்லா, அதான் என்னை அரிக்கு. திரும்ப ஒரு தடவை எந்திரிக்கச் சொல்லியிருக்கணும். நீங்க பெரியவங்க, பொய் சொல்லுதியன்னு எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன்."

"என் பேரை ஏன் சொல்லலே?"

"சொன்னா உங்களைப் பின்கட்டுக்கு அனுப்பிருவாக." பிறகு குரல் மாறியது. "ஆனா உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு சார். சந்தேகம்னா என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்லா? ஒரு வார்த்தை?"

கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

செயலாளர் டாக்டரம்மா வந்தார். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து என் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். எழுந்து நின்று சொன்னேன். மூன்று என்றும் சொன்னேன், எட்டு என்றும் சொன்னேன். லூர்தம்மாள், "உங்களாலதானா எங்களுக்கு இந்தக் கதி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆமாம் என்றேன்.

பொட்டுகளைக் கிழிக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. எல்லாக் குளியலறையிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி, கதவு சாத்தலாம், ஆள் வெளியே நிற்க வேண்டும். பயிற்சி மறுபடி தொடங்கும்; அந்த அம்மாவையே திரும்பக் கூப்பிடுவார்கள். தங்கப்பழம் தலையாட்டினார். எவ்வளவு நாளைக்கு என்று பார்க்க வேண்டும்.

என் மகள் போன் செய்தாள். "அப்பா, எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆவுடையப்பன் வந்துவிட்டார். பின்கட்டில் வைத்திருக்கிறார்கள். பாதி ஆளாகியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லத் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாவே?" என்றார். "என் காலு எத்தனை தடவை எந்திரிச்சுதுன்னு உம்மைக் கேட்டா எனக்குத் தெரியணும்? அந்த அம்மா திரும்பிப் பாத்தப்போ நான்லா வாயைத் திறந்திருக்கணும்."

"நான் சொல்லாம இருந்திருந்தா..."

"பதினாலு நாளு," என்றார். "பதினாலு நாளு நானாக் குளிச்சேன்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது கோபமா மன்னிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

தினமும் காலையில் பின்கட்டுக்கு நடக்கிறேன். நாற்பத்தாறு எட்டு வைக்க வேண்டும். சண்முகவடிவு மேடம் அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்துக் காலை நீட்டி மடக்கச் சொல்கிறார். என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. "அந்தத் தலையணையை எடுங்க சார்," என்கிறார். எடுக்கிறேன்.

செல்லத்துரை வாத்தியார் பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று, "எனக்கும் சொல்லிக்கொடுங்கம்மா," என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் நின்றார். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நின்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று அவர் குளியலறைக்குப் போகலாம் என்று மேடம் சொன்னார். உள்ளே துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். பேச்சியம்மாள் துண்டோடு வந்தார். ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். என்னைக் கை காட்டி, "இவரு வரட்டும்," என்றார். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நியாயமான சந்தேகம். கடைசியில், "கம்பியை விடாமப் பாத்துக்கிடுங்க," என்று மட்டும் சொன்னார்.

கதவைச் சாத்தினேன். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றார். முதுகெல்லாம் எலும்பு. நான் தோளைத் தாங்கப் போனேன்.

"பிடிக்காதீரும். பக்கத்துல நில்லும், போதும்."

நின்றேன். அவர் இன்னொரு கையால் வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டார். முதல் கப்பில் பாதி என் வேட்டியில் விழுந்தது. இரண்டாவது அவர் தோளில் சரியாக விழுந்தது. அவர் கால் நடுங்கியது, என் காலும்தான். மூன்றாவதுக்கு அப்புறம் நான் எண்ணவில்லை.

வெளியிலிருந்து மேடம் கதவைத் தட்டினார். "என்ன, ரெண்டு பேரும் சரியா இருக்கியளா?"

"குளிச்சிட்டுல்லா இருக்கேன்," என்று ஆவுடையப்பன் உள்ளிருந்து கத்தினார். "அதுக்குள்ள என்னம்மா அவசரம்?"